ஐந்நூறு மாத்திரை டப்பாவும் அண்ணனின் சிறுநீரகமும்

1

போன வெள்ளிக்கிழமை, இங்கே அமெரிக்காவில், எங்கள் ஆய்வகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறதாம். கேக் சிறுநீரக வடிவத்தில் இருந்தது. செந்நிற க்ரீம், நடுவில் குழிந்த இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு குழாய்கூட வைத்திருந்தார்கள். அந்தக் குழாயைச் சாப்பிட யாரும் முன்வரவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

"முதல் துண்டு உங்களுக்குத்தான்" என்று கத்தியைக் கையில் கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை. எந்த விருந்தானாலும் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு சீவல் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அன்றைக்கும் சீவினேன். பத்து வருஷமாக எலிகளின் சிறுநீரகத்தைச் சீவிச் சீவி, கை தானாகவே அந்த அளவுக்குப் போய்விடுகிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குத் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் என் அண்ணன் நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்து, ரத்தத்தை மெஷினில் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்து ஊர் திரும்பியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள். செவ்வாய், வெள்ளி.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அண்ணனை ஓரளவு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: பெயர் தனபால். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எங்கள் ஊர். அங்கே கொஞ்சம் சொந்தமாகவும் மீதி குத்தகைக்கும் எடுத்துச் சம்பா போடுகிறவர். நான் எழுதுவதைத் தவறாமல் படிக்கும் ஒரே வாசகரும் அவர்தான். இந்தப் பத்திரிகையை டயாலிசிஸ் நாற்காலிக்கு எடுத்துப் போகிறார். அவருடைய விமர்சன முறை எளிமையானது.

"டேய், உன்னுதுல காமெடி இருக்கிற வரைக்கும் படிப்பேன். ஃபீலிங் ஆரம்பிச்சுதுன்னா பக்கத்தைத் திருப்பிடுவேன். எனக்கு இங்க இருக்கிற ஃபீலிங்கே போதும்."

எனக்கு அண்ணனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்லத் தொடங்கி, நடுவில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் கடைசி வரி வரைக்கும் வந்து சேர வேண்டும். ஆகவே கூடுமானவரை காமெடி.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நான் கிட்னி டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியாகப் போனபோது ஒரு கல்யாணப் பந்தியில், எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரே வாளியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார். நான் பார்ப்பது எலிகளுக்கு மட்டும் என்றேன். "இருக்கட்டும் தம்பி, சும்மா ஒரு பார்வை பாருங்க" என்றார். பார்த்தேன். என்னைவிட அவர் ஆரோக்கியமாக இருந்தார்.

உண்மையில் நான் செய்வது இதுதான். சிறுநீரகத்தில் ஏதோ ஒரு காயம் பட்டு அழற்சி வருகிறது. உடம்பு சும்மா இருக்காது. பழுதுபார்க்க ஆள் அனுப்பும். அந்த ஆட்களைக் கூப்பிடுகிற ரசாயனங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். பல வகை உண்டு. நான் பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துவது அவற்றில் ஒன்றோடு.

அண்ணனுக்கு இதை ஒரு தடவை இப்படிச் சொன்னேன்: "வாய்க்கால் கரை உடைஞ்சுட்டா ஒருத்தன் ஓடிப்போய், எல்லாரும் மம்பட்டியோட வாங்கன்னு சத்தம் போடுவான்ல? அவன்தான் இது. நாலு பேர் வந்து மண்ணைப் போட்டு அடைச்சிடுவாங்க."

"நல்லவன்தானே?"

"நல்லவன்தான். ஆனா இவனுக்கு நிறுத்தத் தெரியாது. உடைப்பை அடைச்ச பிறகும் வாங்க வாங்கன்னு கத்திக்கிட்டே இருப்பான். வர்றவங்க போட்டுக்கிட்டே இருப்பாங்க. கடைசியில கரை இருக்கும், வாய்க்கால் இருக்காது. எல்லாம் மேடு."

"நம்ம ஊர்க் காண்ட்ராக்டு வேலை மாதிரின்னு சொல்லு."

"அதேதாண்ணே."

"அவன் வாயைக் கட்டிப்போட வேண்டியதுதானே?"

அண்ணன் பத்தாவதோடு நின்றவர். இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உலகத்தில் பல ஆய்வகங்கள் விளக்கைப் போட்டு வைத்திருக்கின்றன. கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். பிரச்சினை என்னவென்றால், அந்த ஆளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மண்வெட்டியோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் விலக்கி விடுகிறவனும் அவன்தான். அழற்சியை அடக்குவதும் அதே காரணிதான். வாயைக் கட்டினால் மண் கொட்டுவது குறையும், சண்டை பெருகும். சத்தத்தைக் குறைத்து, ஆளை விட்டுவைப்பது எப்படி என்பதுதான் என் பத்து வருஷம். எலியில் நன்றாக வருகிறது. எலிகள் என்னைக் கும்பிட வேண்டும். ஆனால் அந்த மேட்டை, அதாவது வடுவை, முதலில் உண்டாக்கியதும் நான்தான் என்பதால் கும்பிடுவதில்லை.

என் அன்றாடமும் எளிமைதான். காலை ஏழரைக்குச் சோளக்காடுகளுக்கு நடுவே நாற்பது நிமிஷம் கார். இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் சோளம். வரப்பே இல்லாத நிலத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சண்டைக்கு ஆள் குறைகிறாற்போல இருக்கும். போய் உட்கார்ந்தால் எலிச் சிறுநீரகச் சீவல்கள் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள். வடு இருக்கும் இடம் நீலமாகத் தெரியும்படி சாயம் ஏற்றியிருப்போம். ஒவ்வொரு சில்லிலும் எவ்வளவு நீலம் என்று அளக்க வேண்டும். நீலம் அளப்பவன். விசிட்டிங் கார்டில் வேறு மாதிரி போட்டிருக்கிறது.

3

இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கும் என்று நான் சொல்லிவிடுவேன். சாக்லேட், வாசனை ஸ்ப்ரே, விட்டமின், வலி மாத்திரை. கடைசிப் பொருள் மொத்த விலைக் கடையில் கிடைக்கும். டாக்டர் சீட்டு வேண்டாம். ஒரு டப்பாவில் ஐந்நூறு. செங்கல் நிற மாத்திரை. இரண்டு டப்பாக்களை பிளாஸ்டிக் உறை போட்டு ஒன்றாகக் கட்டி, பருப்பு மூட்டை போல அடுக்கி வைத்திருப்பார்கள். அதை வாங்காமல் விமானம் ஏறிய தமிழனை நான் பார்த்ததில்லை.

இங்கே திரும்பி வரும்போது, சுங்கத்தில் ஒரு அதிகாரி அண்ணி அரைத்துக் கொடுத்த கருவேப்பிலைப் பொடியை முகர்ந்து பார்த்தார். இது என்ன இலை, எந்த மரம், விதை இருக்கிறதா, மண் ஒட்டியிருக்கிறதா, பண்ணைக்குப் போனீர்களா, எந்தச் செருப்பில் போனீர்கள்? கருவேப்பிலைக்கு ஆங்கிலம் தெரியாமல் முழித்து, "குழம்பில் போட்டுவிட்டு எடுத்து எறிகிற இலை" என்று விளக்கினேன். எறிகிற இலையை எதற்கு ஏழு கடல் தாண்டிக் கொண்டுவருகிறாய் என்பது போலப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். ஆனால் நான் ஆயிரம் மாத்திரையோடு ஊருக்குப் போனபோது, எந்த நாட்டு அதிகாரியும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

முதல் டப்பா போனபோது அண்ணன் மருந்தடிக்கும் டேங்கை முதுகில் சுமந்து சுமந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிரும்போது ஒரு கை முட்டியில், ஒரு கை இடுப்பில். இரண்டு மாத்திரை கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நடந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். கொல்லைப் பக்கம் போய், வேண்டுமென்றே ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"டேய், இதாண்டா படிப்பு."

எங்கள் அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்று ஆனபோது, அண்ணன் தானாகவே புத்தகத்தை மூடிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான் படித்த படிப்பால் அவருக்கு என்ன ஆயிற்று என்று அவரும் கேட்டதில்லை, எனக்கும் சொல்லத் தெரிந்ததில்லை. அன்றைக்கு அவரே சொன்னார், இதுதான் படிப்பு என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"சாப்பிட்டுட்டு ஒண்ணு போடுங்கண்ணே. ரொம்ப வலிச்சா ரெண்டு" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு டப்பா. நடுவில் யாராவது ஊருக்குப் போனால் கையில் ஒன்று கொடுத்தனுப்புவேன். அண்ணன் அதை நெல் மூட்டைக்கு மேலே இருக்கும் பரணில், அடையாள அட்டைகளோடு வைத்திருந்தார். களையெடுப்பு முடிந்து டீயும் வடையும் வரும்போது, இடுப்பு வலி என்று சொல்கிறவர்களுக்கு அரை மாத்திரை உடைத்துக் கொடுப்பாராம். "அமெரிக்கா மாத்திரை. ஒண்ணு முழுசாத் தாங்க மாட்டீங்க." தாங்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். சம்பா நடவிலும் அறுப்பிலும் காலையில் இரண்டு, மதியம் இரண்டு, சாயங்காலம் கால் கழுவிவிட்டு இன்னும் ஒன்று. வெயிலில், தண்ணீர் குடிக்க நேரமில்லாமல், சில நாள் சாப்பிடாமலும். வலி தெரியவில்லை என்பதால் இன்னும் ஒரு டேங்க் அடித்திருக்கிறார். அடுத்த வருஷம் இன்னும் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

4

போன வருஷம் வீடியோவில் பேசும்போது அண்ணன் காலைத் தூக்கி கேமராவுக்கு முன்னால் காட்டினார்.

"என்னடா இது, செருப்பு உள்ள போக மாட்டேங்குது?"

கணுக்கால் இரண்டும் உப்பியிருந்தன. எலியாக இருந்தால் அந்த நிமிஷமே எடை போட்டுப் பார்த்து நோட்டில் எழுதியிருப்பேன்.

"வசதி வந்துடுச்சுண்ணே. பணக்காரன் காலுன்னா அப்படித்தான். பெரிய சைஸ் வாங்குங்க" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய சைஸ் செருப்பும் வாங்கினார். நான் நல்ல நகைச்சுவையாளன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிறகு பசி போயிற்று. வாந்தி. முகம் வீங்கியது. தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார்கள். "ரத்தத்துல உப்பு ஏறியிருக்காம் தம்பி, சோத்துல உப்பே போடக் கூடாதுன்னுட்டாங்க" என்று அண்ணி போனில் அழுதார். முதுகில் ஊசி விட்டு சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. மருத்துவர் அக்கறையாக, நுண்ணோக்கியில் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். உங்கள் தம்பி இந்தத் துறையிலேயே இருக்கிறாராமே, பார்க்கட்டும் என்று.

பார்த்தேன். ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்து, கைப்பேசியில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலம். குழாய்களுக்கு நடுவே, வாய்க்காலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே வரப்பு மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டிய இடமெல்லாம் நீலம். வழக்கம் விடாமல் மனசுக்குள் அளக்க ஆரம்பித்துவிட்டேன். பாதிக்கு மேல் போனதும் நிறுத்தினேன். எலியில் இவ்வளவு நீலம் வந்தால், வடு உண்டாக்கும் சோதனை வெற்றி என்று எழுதுவோம்.

நாள்பட்ட அழற்சி, முற்றிய வடு. நீண்ட நாள் வலி மாத்திரை காரணமாக இருக்கலாம், விசாரிக்கவும். அறிக்கையின் கடைசி வரி அது.

அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. "அந்த மேட்டைத் தூர் வார முடியாதா? ஜேசிபி விட்ட மாதிரி?"

"இப்போதைக்கு வழி இல்லண்ணே."

"பத்து வருஷமா அதைத்தானே கண்டுபிடிக்கிறேன்னு சொன்ன?"

குற்றம் சொல்லவில்லை. மெய்யாகவே விசாரித்தார். கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா எப்போது வரும் என்று கேட்பது போல. "நடந்துக்கிட்டு இருக்குண்ணே" என்றேன். சங்கத்தில் சொல்லும் அதே பதில்.

என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று பரிசோதனைக்குப் போனேன். சர்க்கரை உள்ளவன் தேறமாட்டான் என்று எனக்குத் தெரியும், என் துறைதானே. இருந்தும் போனேன். அங்கே பரிசோதித்த பெண்மணி அன்பாகத் திருப்பி அனுப்பினார். அண்ணி கொடுக்க முன்வந்தார். ரத்தப் பிரிவு சேரவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் அண்ணன் பெயர் பதிவாகியிருக்கிறது. பட்டியல் எங்கே நகர்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

சரி, போய்ப் பார்க்கவாவது பார்க்கலாம் என்றால், எனக்கு இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. நடுவில் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பயண அனுமதிக்குத் தனியாக எழுதிப் போட்டேன். அண்ணன் உங்கள் அண்ணன்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஒரு சான்றிதழில் அப்பா பெயர் ஒரு எழுத்தோடும், இன்னொன்றில் இன்னொரு எழுத்தோடும் இருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு, உப்பில்லாத சோறு தின்றுவிட்டு, அண்ணனே மூன்று நாள் அலைந்து, நான் அவரைப் பார்க்க வருவதற்கான சான்றை வாங்கி அனுப்பினார். போன வாரம் பதில் வந்திருக்கிறது: போதுமான அவசரம் நிரூபிக்கப்படவில்லை.

அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

"என்ன வேணுமாம்? செத்துட்டேன்னு எழுதித் தரணுமாமா?"

"அது கொடுத்தா உடனே விட்டுடுவாங்கண்ணே."

"அப்ப நல்ல ஆபீசுதாண்டா."

டயாலிசிஸையும் அவர் தன் வழக்கப்படிதான் ஏற்றுக்கொண்டார். கோடையில் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இத்தனை நாள் உங்களுக்கு, இத்தனை நாள் எங்களுக்கு என்று. "செவ்வாயும் வெள்ளியும் நம்ம முறை. நடுவுல வயலு வெடிச்சாலும் கேட்கக் கூடாது" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூச்சு வாங்குகிறது. அப்போது மட்டும் பேச்சு குறைகிறது.

5

கேக் வெட்டியதற்கு மறுநாள் சனிக்கிழமை. என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமை காலையில் இங்குள்ள தமிழர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்புக்குப் போக வேண்டும். போவதற்கு முன் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் யுத்தம் நடக்கும். தமிழில் அவள் எல்லாரையும் ஒருமையில்தான் பேசுவாள். "பெரியப்பா, நீ சாப்பிட்டியா?" என்பாள். அண்ணனுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். "என்னை நீன்னு சொன்னது எங்கப்பன் ஒருத்தன்தான். அவனே வந்து பொறந்திருக்கான்" என்பார். சமீபமாக அவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். அறைக்குள் அவள் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பெல்லாம் ஆங்கிலத்தில்.

அன்றைக்கு வீட்டுப்பாடம், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளின் மேல் எழுதியிருப்பதைத் தமிழில் எழுதிவர வேண்டும். குளியலறை அலமாரியைத் திறந்து, கைக்கு முதலில் கிடைத்ததை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். ஐந்நூறு மாத்திரை டப்பா.

"அப்பா, கிட்னிக்குத் தமிழ் என்ன?"

"சிறுநீரகம்."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பத்து நிமிஷத்தில் என்னிடம் காட்டினாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எச்சரிக்கை. உனக்குச் சிறுநீரகம் நோய் இருந்தால் முதலில் டாக்டரைக் கேள். அறுபது வயது மேல் என்றால் வயிற்றில் ரத்தம் வரும். வலிக்கு பத்து நாள் மேல் சாப்பிடாதே."

"நல்லா எழுதியிருக்கே" என்றேன்.

"பெரியப்பாவுக்கு நீ இதைத்தானே எடுத்துட்டுப் போவே?"

"ஆமா."

"பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"கொஞ்சம்."

"இவ்ளோ சின்ன எழுத்து?"

"தெரியாது."

"அப்ப நீ படிச்சுச் சொன்னியா?"

அடுப்படியில் என் மனைவி தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டாள்.

"சொல்லலை."

யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்கு விடை புத்தகத்தோடு ஒத்துவராதபோது பார்ப்பாளே, அப்படி.

"ஆனா அதுதானேப்பா உன் வேலை?"

பிறகு நோட்டை மூடிவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள். ஆசிரியை நட்சத்திரம் போட்டு அனுப்பியிருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தமிழில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியங்கள் அவை. தமிழ் வராத பிள்ளை எழுதி நட்சத்திரம் வாங்கிவிட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை, ஊரில் சாயங்காலம். வீடியோவில் கூப்பிட்டேன். முதலில் அண்ணிதான் எடுத்தார். அண்ணன் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அளவுத் தண்ணீர்தான். மாடு குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அவருக்கு இப்போது ஒரு ருசி.

"அண்ணி, டாக்டர் எதனால வந்துச்சுன்னு கேட்டாரா?"

"குடைஞ்சு குடைஞ்சு கேட்டாரு தம்பி. மாத்திரை எதும் சாப்பிட்டீங்களா, யாரு கொடுத்தாங்கன்னு. இவங்க, நானாக் கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன்னு சொல்லிட்டாங்க. தம்பி கொடுத்த மாத்திரையைச் சொல்லுங்களேன்னேன். அது நல்ல மாத்திரை, அதை எதுக்கு இதுல இழுக்கிறன்னு என்னையே திட்டுறாங்க." கொஞ்சம் தயங்கினார். "அந்த டப்பா தீர்ந்துபோச்சு தம்பி. உங்களுக்கு வர லெட்டர் எப்பவாவது கிடைச்சுதுன்னா, வரும்போது ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க. இவங்களைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு அலைஞ்சு எனக்கு முட்டியெல்லாம் போச்சு."

"வேண்டாம் அண்ணி. அதைத் தொடாதீங்க" என்றேன்.

அண்ணன் வந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார். முகம் மஞ்சளித்துக் கிடந்தது. "என்னடா, நீ அனுப்பின போட்டோ பார்த்தேன், கேக்கு வெட்டினாங்களா? கிட்னி மாதிரி? ஒண்ணு பார்சல் பண்ணக் கூடாதா, இங்க ஒண்ணு தேவைப்படுது."

நான் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

"அண்ணே, அந்த மாத்திரைதான். நான் கொண்டாந்தது. அதனாலதான் உங்களுக்கு."

மாடு தலையை ஆட்டும் மணிச் சத்தம் கேட்டது.

"தெரியும்டா. டாக்டர் சொல்லிட்டாரே, வலி மாத்திரைன்னு. எனக்கு என்ன அவ்வளவுகூடப் புரியாதா?"

"அப்புறம் ஏண்ணே கடையில வாங்கினேன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? கிட்னி ஆராய்ச்சி பண்ற தம்பி கொடுத்தான்னா? அந்த ஆஸ்பத்திரி பூரா உன்னைப் பத்தித்தான் சொல்லி வச்சிருக்கேன்." மூச்சு வாங்க நிறுத்தினார். "விடுடா. உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா கொடுத்திருப்பியா? உனக்கே தெரியாதது, நீ என்ன பண்ணுவ?"

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாண்ணே. தெரியலண்ணே" என்றேன்.

"அதான் பாரு" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போகும் வரைக்கும் அது தாங்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணே, நீங்க இப்ப ஆஸ்பத்திரி நாற்காலியிலதான் இருப்பீங்க. ஒரு கையில ஊசி இருக்கும். இன்னொரு கையாலதான் இதைப் பிடிச்சிருப்பீங்க. அந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு எனக்குத் தெரியும்ணே. முதல் டப்பாவை வாங்கி வண்டியில வைக்கும்போதே தெரியும். எலிக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கணும்னா நாங்க நாலு பேர் கையெழுத்துப் போட்டு, எடை பார்த்து, நாள் கணக்கு வச்சுத்தான் கொடுப்போம். ஒரு தடவை உங்ககிட்ட சொல்லணும்னு வாயைத் திறந்தேன். அன்னைக்கு நீங்க வைக்கோல் கட்டைத் தூக்கிட்டு வந்து, இதாண்டா படிப்புன்னீங்க. சொன்னா அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கணும். நான் படிச்சதுல உங்க கையில கொடுக்க முடிஞ்சது அந்த மாத்திரை ஒண்ணுதான்.

தெரியாம கொடுக்கல. தெரிஞ்சுதான் கொடுத்தேன்.

இதுல காமெடி எதுவும் இல்ல. பக்கத்தைத் திருப்பிடாதீங்கண்ணே.